யாருடைய உளவாளி?

(ராயபுரத்தில் திரைப்பட ஆர்வலர்கள் கூட்டிய மாலை நிகழ்ச்சியில், 'தி கூஸ் ஸ்டெப்ஸ் அவுட்' படம் திரையிடப்பட்ட பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படம் முடிந்து விளக்கைப் போட்ட கையோடு ஒருவனைப் பேசக் கூப்பிடுவது அவனுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. 79 நிமிடம் வில் ஹே உங்களைச் சிரிக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதே வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டு நான் தூக்குமேடையைப் பற்றிப் பேசப் போகிறேன். எழுந்து போக நினைப்பவர்கள் இப்போதே போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் அதிகம் சிரித்த இடம் எது என்று ஓரமாக நின்று கவனித்தேன். வகுப்பறைக் காட்சிதான். ஜெர்மானிய உளவாளி ஒருவனைப் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்துவிடுகிறார்கள். அவனைப் போலவே முகம் உள்ள அசட்டு வாத்தியார் ஒருவரை அவனுக்குப் பதிலாக ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். புது ரகக் குண்டின் ரகசியத்தைத் தெரிந்துவர வேண்டும் என்பது உத்தரவு. போன இடத்தில் அவருக்குக் கிடைக்கும் வேலையோ, இங்கிலாந்துக்குப் போகப்போகும் நாஜி உளவாளிகளுக்கு ஆங்கிலப் பழக்கவழக்கம் சொல்லித் தருவது. சுவரில் ஹிட்லர் படம். 'மிகப் பெரிய மரியாதை செலுத்த வேண்டுமானால் எங்கள் ஊரில் இப்படித்தான்' என்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுகிறார். மாணவர்கள் அத்தனை பேரும் விறைப்பாக நின்று, தலைவர் படத்தைப் பார்த்து, இரண்டு விரலை ஆட்டி ஆட்டிப் பழகுகிறார்கள்.

இங்கே ஒரு சிலருக்கு அது ஏன் வேடிக்கை என்று பிடிபடவில்லை, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார்கள். உள்ளங்கை வெளியே தெரியும்படி இரண்டு விரலைத் தூக்கினால் அது சர்ச்சில் காட்டிய வெற்றிச் சின்னம். புறங்கை தெரியத் தூக்கினால் இங்கிலாந்தில் அது படு கெட்ட வசவு. வகுப்பு முழுக்க ஹிட்லரைத் தெருச்சண்டைக்காரன் மாதிரி வைதுகொண்டிருக்கிறது. வைகிறோம் என்று தெரியாமல், பக்தியோடு வைகிறது. அந்த மந்தமான மாணவர்களில் ஒருவனாக வரும் பையன் பீட்டர் உஸ்தினோவ். பிற்காலத்தில் பெரிய நடிகராகி இரண்டு ஆஸ்கார் வாங்கினார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது.

இது 1942இல் வந்த படம். ஈலிங் ஸ்டுடியோ எடுத்தது. இதே கம்பெனி 1940இலேயே ஜார்ஜ் ஃபார்ம்பியை வைத்து 'லெட் ஜார்ஜ் டூ இட்' எடுத்திருந்தது. பிளாக்பூலுக்குப் போக வேண்டிய பாட்டுக்காரன் பிளாக் அவுட் இருட்டில் தப்பான கப்பலில் ஏறி நார்வேயில் போய் இறங்குகிறான். அங்கே ஒரு பேண்டு மாஸ்டர், இசைக்குள் சங்கேதம் வைத்து ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்குச் சேதி அனுப்புகிறான். கனவு ஒன்றில் ஃபார்ம்பி பலூனில் போய் ஹிட்லர் கூட்டத்தில் குதித்து, அவர் முகத்தில் ஒரு குத்து விடுகிறார். அதை அடுத்து 'ஸ்பேர் எ காப்பர்'. அதன் களம் இங்கிலாந்தின் துறைமுகப் பகுதியான மெர்சிசைடு. கப்பல் கட்டும் துறை, கிரேன்கள், புகைபோக்கிகள், போர்க்கப்பலைத் தகர்க்கத் திட்டமிடும் நாசகாரர்கள், அவர்களைத் தற்செயலாகப் பிடித்துவிடும் அரைகுறைப் போலீஸ்காரன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள எவரும் அந்தப் படத்தின் பின்னணியைப் பார்த்தால் அந்நியமாக நினைக்க மாட்டார்கள். அதே மெர்சிசைடு 1941 மே மாதம் ராத்திரி ராத்திரியாகக் குண்டுவீச்சில் எரிந்தது. சிரித்தவர்கள் ஏதோ பத்திரமான இடத்தில் உட்கார்ந்து சிரிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1940 கோடையில் பிரான்ஸ் விழுந்த பிறகு இங்கிலாந்து முழுக்க உளவாளிப் பீதி. பல வருஷமாக அங்கே குடியிருந்த ஜெர்மானியர், இத்தாலியர் ஆயிரக்கணக்கில் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்களும் அதில் அடக்கம். வாயை அடக்கு, பேச்சு உயிரைக் குடிக்கும் என்று சுவரெல்லாம் சுவரொட்டி. அதை வரைந்த ஃபூகாஸ் என்ற ஓவியர் பயமுறுத்தவில்லை, சிரிக்க வைத்தார். பஸ்ஸில் இரண்டு பெண்கள் ஊர்வம்பு பேசிக்கொண்டு போகிறார்கள். பின் சீட்டில் ஹிட்லரும் கோரிங்கும் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிறார்கள். பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் படமாகப் போட்டார். பயத்தைச் சிரிப்பாக மாற்றுவது அரசாங்கத்துக்கும் தேவைப்பட்டது, ஜனங்களுக்கும் தேவைப்பட்டது. அதனால்தான் வில் ஹேயும் ஃபார்ம்பியும் அத்தனை கூட்டம் இழுத்தார்கள்.

நிஜ உளவாளிகளும் படத்தில் வருபவர்களைவிடச் சாமர்த்தியசாலிகளாக இல்லை. 1940 செப்டம்பரில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் லிட் என்ற ஊருக்குப் பக்கத்தில் கார்ல் மையர் என்பவர் படகில் வந்து இறங்கினார். விடிந்ததும் தாகம். ஊருக்குள் ஒரு மதுக்கடைக்குப் போய் சைடர் கேட்டார். சைடர் என்பது ஆப்பிளில் செய்யும் மது. அப்போது இங்கிலாந்தில் மதுக்கடை இன்ன நேரத்துக்குத்தான் விற்கலாம் என்று சட்டம் இருந்தது. காலங்காத்தால போய் எவனும் கேட்க மாட்டான் என்பது அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். கடைக்கார அம்மாளுக்குச் சந்தேகம் வந்தது. ஆள் அகப்பட்டுக்கொண்டார். எந்தக் கதாசிரியனும் இந்தக் காட்சியை அப்படியே எடுத்துக்கொண்டு ஃபார்ம்பிக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் அந்த டிசம்பர் 10ஆம் தேதி பென்டன்வில் சிறையில் மையரைத் தூக்கில் போட்டார்கள். ஈலிங் படம் எதுவும் அந்த இடம் வரைக்கும் வராது. வில்லன் சுருண்டு விழுந்ததும் பாட்டுப் போட்டு முடித்துவிடுவார்கள். உளவாளிக் காமெடி என்கிற ஜாதியே அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுவிடுவதால்தான் உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, நம் கதைக்கு வருகிறேன்.

வில் ஹே வேஷம் மாற்றி எதிரி நாட்டில் போய் இறங்கிய அதே 1942இல், செப்டம்பர் கடைசியில், நிஜமான ஒரு நீர்மூழ்கி மலபார் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஜப்பானுடையது. அதிலிருந்து சிறு படகுகளில் இளைஞர்கள் சிலர் தானூரில் கரையேறினார்கள். எல்லோரும் நம்மவர்கள். பினாங்கில் பாரிஸ்டர் ராகவன் முன்னின்று நடத்திய சுயராஜ்யப் பள்ளியில் ரகசிய வேலைக்குப் பயிற்சி பெற்றவர்கள். இன்னொரு குழு குஜராத் கரையில் இறங்கியது, மற்றவர்கள் பர்மா வழியாகத் தரைமார்க்கமாக வந்தார்கள். சொந்த நாட்டுக்கே உளவாளியாக வந்து இறங்குவது எப்படிப்பட்ட அனுபவமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜப்பானியர் கொடுத்த பயிற்சி, ஜப்பானியர் கொடுத்த கப்பல், போக வேண்டிய இடமோ அம்மாவும் அப்பாவும் இருக்கும் ஊர்.

கிட்டத்தட்ட எல்லோரும் அகப்பட்டார்கள். வழக்கு மதராஸில் நடந்தது. 1943 செப்டம்பர் 10ஆம் தேதி நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங். இரண்டு பேர் திருவிதாங்கூர்க்காரர்கள், ஒருவர் வங்காளி, ஒருவர் பஞ்சாபி. காதர் ஒரு தோணிக்காரரின் மகன், பிழைப்புக்காக மலாயா போனவர், சாகும்போது 26 வயது. இடம் மதராஸ் சிறை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஜெனரல் ஆஸ்பத்திரியை ஒட்டி இருந்ததே, அதுதான். 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றி, பிறகு கட்டடத்தை இடித்து, இப்போது மருத்துவக் கல்லூரி அங்கே நிற்கிறது. இங்கிருந்து பஸ் ஏறினால் கால் மணி, அரை மணி. தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், சும்மா கேட்டேன்.

உளவாளி என்றதும் மெர்சிசைடுக்காரனுக்கு வரும் சிரிப்பு ராயபுரத்துக்காரனுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் நான் இன்று பேச வந்த விஷயம். நமக்கு நகைச்சுவை உணர்வு குறைவு என்று யாராவது சொன்னால் மூலக்கொத்தளத்தில் ஒரு டீக்கடைக்கு அழைத்துப்போய் உட்கார வைக்கலாம். விஷயம் அதுவல்ல.

போர் இந்தக் கரைக்கு வராமலும் இல்லை. முதல் போரில் வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒன்பதரை மணிவாக்கில் துறைமுகத்துக்கு வெளியே நின்று அரைமணி நேரம் சுட்டது, பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்துதான் வழிகாட்டினார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்பவர்கள் உண்டு. அப்போது அவர் இருந்தது ஐரோப்பாவில். ஆனாலும் அந்தக் கதை சாகவில்லை பாருங்கள். நம் ஆள் ஒருவன் எதிரிக் கப்பலில் இருந்தான் என்று கேள்விப்பட்டால் இந்த ஊருக்குப் பயம் வரவில்லை, பெருமை வந்தது! அந்தப் பெருமை இருக்கும்போது உளவாளியை வைத்து எப்படிக் காமெடி பண்ணுவது?

இரண்டாம் போரில், 1942 ஏப்ரல் முதல் வாரம். கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. அடுத்தது மதராஸ்தான், ஜப்பான் கப்பற்படை வந்துகொண்டே இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தகவல் வந்தது. தகவல் பொய். ஆனால் அதை நம்பி ஊரைக் காலி செய்யச் சொன்னது சாட்சாத் அரசாங்கமேதான். அலுவலகங்கள் ஊட்டிக்கும் மதனப்பள்ளிக்கும் சித்தூருக்கும் போயின. ஜனங்கள் பாத்திரம் பண்டத்தோடு ரயில் ஏறினார்கள். பீப்பிள்ஸ் பார்க்கில் மாநகராட்சியின் மிருகக்காட்சிசாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்து சிங்கம் புலி வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான்காரன் வரவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனதோடு சரி. மதராஸில் போர்க்காலக் காமெடி ஒன்று எடுக்க வேண்டுமென்றால் கதை இங்கேதான் இருந்தது. வராத கப்பற்படைக்குப் பயந்து சிங்கத்தைச் சுட்ட கவர்னர் ஆட்சி. ஆனால் அதை எடுக்க அனுமதிக்க வேண்டியவர்களும் அவர்களே.

இங்கே தமிழ் சினிமாவின் நிலைமையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போருக்கு முன்னால் நம் படங்கள் சாவகாசமானவை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், பாட்டுகள் வந்துகொண்டே இருக்கும், அவசரமே கிடையாது. பிலிம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சரக்கு. போர் வந்ததும் கப்பலில் இடமில்லை. 1942இல், கதைப்படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு. நிமிடத்துக்கு 90 அடி ஓடும் என்று கணக்கு வைத்தால் இரண்டு மணி நேரம். பிறகு கச்சா பிலிமுக்கே லைசென்ஸ். அதோடு ஒவ்வொரு காட்சியிலும் அரசு சொல்லும் செய்திப்படத்தைக் கட்டாயம் ஓட்ட வேண்டும், அதற்கு வாடகையும் தியேட்டர்காரரே கட்ட வேண்டும். பிலிம் வேண்டுமா, போருக்கு ஆதரவாக ஒரு படம் எடுத்துக் கொடு என்ற நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. இந்த நெருக்கடியிலிருந்துதான் 1945இல் மூன்று படங்கள் முளைத்தன: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'பர்மா ராணி', ஜெமினி எடுத்த 'கண்ணம்மா என் காதலி', கே. சுப்பிரமணியத்தின் 'மானசம்ரட்சணம்'.

சுப்பிரமணியத்தின் பெயர் வருவதுதான் வேடிக்கை. கல்கியின் கதையை 'தியாகபூமி' என்று 1939இல் எடுத்தவர் அவர். அதில் காங்கிரஸ் வாடை அடிக்கிறது என்று பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. தடை உத்தரவு வருகிறது என்று தெரிந்ததும் கெயிட்டி தியேட்டரில் இலவசமாகவே ஓட்டினார்கள், கூட்டம் தாங்கவில்லை என்று சொல்வார்கள். அதே மனிதர் ஐந்தாறு வருஷத்தில் அதே அரசாங்கத்துக்காகப் போர் ஆதரவுப் படம் எடுக்கிறார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டுடியோவில் நூறு குடும்பம் சாப்பிட வேண்டும். பிலிம் பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னபடிதான் கேமரா சுழலும்.

'கண்ணம்மா என் காதலி'தான் மூன்றில் நகைச்சுவைக்குப் பக்கத்தில் வருவது. கொத்தமங்கலம் சுப்பு இயக்கம், எம். கே. ராதாவும் சுந்தரிபாயும் ஜோடி, பர்மாவும் போரும் பின்னணி. ஜெமினி முதலாளி வாசன் கெட்டிக்கார வியாபாரி. போர்ப்படம் எடு என்றால் எடுக்கிறேன், ஆனால் டிக்கெட் வாங்குபவன் காதலுக்கும் சிரிப்புக்கும்தான் வருவான் என்பது அவருக்குத் தெரியும். பெயரிலேயே பாருங்கள், போர் எங்கே இருக்கிறது? அரசாங்கத்துக்கு ஒரு கணக்கு, ஜனங்களுக்கு ஒரு கணக்கு என்று இரண்டு பேரேடு வைத்துக்கொண்ட படம் அது.

'பர்மா ராணி' முழுசாகவே உளவுப் படம். ஜப்பானியர் பிடியில் இருக்கும் பர்மாவுக்கு மேலே பறந்துபோகும் இந்திய விமானப் படையினர் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ரகசியமாக ஜப்பானை எதிர்க்கும் ராணி அவர்களைக் காப்பாற்றுகிறாள். கே. எல். வி. வசந்தா ராணி, ஹொன்னப்ப பாகவதர் நாயகன். ஜப்பானிய அதிகாரியாக டி. ஆர். சுந்தரமே நடித்தார். லீட்ஸில் படித்து, வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த முதலாளி, தன் சொந்தப் படத்தில் கடுவன் ஜப்பானியனாக மிரட்டுகிறார். திரையில் வில்லனாக நின்ற முதலாளிகள் குறைவு. எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும்.

ஆனால் அந்தப் படம் வெளிவந்த ஆண்டில் நிஜ பர்மாவில் என்ன நடந்துகொண்டிருந்தது? அங்கே வேறொரு ராணி இருந்தாள். 1943இல் சுபாஷ் போஸ் சிங்கப்பூரில் அமைத்த ஜான்சி ராணிப் படை. தலைமை, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த லட்சுமி சுவாமிநாதன். படையில் பெரும்பகுதி மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். துப்பாக்கி பிடித்து பர்மா வரைக்கும் வந்தார்கள், ஜப்பானியர் பக்கத்தில் நின்று. திரையில் தமிழ் பேசும் ராணி ஜப்பானை எதிர்க்கிறாள். ரங்கூனில் தமிழ் பேசும் ராணிப்படை ஜப்பானோடு நிற்கிறது. சேலத்தில் கதை எழுதியவர்களுக்கு இது எவ்வளவு தூரம் தெரியும் என்பது இருக்கட்டும். போஸின் ரேடியோவைத் திருட்டுத்தனமாகக் கேட்டுக்கொண்டிருந்த வீடுகள் மதராஸில் இருந்தன. அவர்கள் இந்தப் படத்தைப் பார்த்து எந்த இடத்தில் கைதட்டுவது?

பிரிட்டிஷ் படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ஃபார்ம்பி ஹிட்லரைக் குத்தும்போது கொட்டகையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே பக்கம். இங்கே 1942க்குப் பிறகு ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் காங்கிரஸ்காரர், ஆகஸ்ட் போராட்டத்தில் உள்ளே போயிருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் பெரியார் கட்சி, போரில் வெள்ளைக்காரனை ஆதரிப்பதில் அவருக்குத் தயக்கமில்லை. மூன்றாம் வீட்டுக்காரர் துறைமுகத்திலோ பின்னி மில்லிலோ வேலை. சோவியத் மீது ஹிட்லர் பாய்ந்த பிறகு இது மக்கள் யுத்தம் என்று அவருடைய கம்யூனிஸ்ட் தோழர் சொல்லியிருக்கிறார். பெரம்பூரில் அந்த மில்லில் நெய்த காக்கித் துணிதான் பட்டாளத்தின் உடம்பில். நான்காம் வீட்டில் ஒரு பையன் அந்தக் காக்கியை மாட்டிக்கொண்டு பட்டாளத்துக்கே போய்விட்டான், மாசச் சம்பளம் வருகிறதே என்று. ஐந்தாம் வீட்டில் ரங்கூனிலிருந்து திரும்பி வந்தவர்கள். இவர்கள் ஐந்து பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஓர் உளவாளியைப் பார்த்துச் சேர்ந்து சிரிக்க வேண்டும். எப்படிச் சிரிப்பார்கள்? அவன் யாருடைய உளவாளி என்பதே அங்கே தகராறு.

அந்த ஐந்தாம் வீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேசபக்திக் கணக்கை மட்டும் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. ரங்கூன் அப்போது பாதிக்குப் பாதி இந்திய நகரம். இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போன கூலிக்காரர்கள், செட்டிப்பிள்ளைகள், குமாஸ்தாக்கள் அங்கே நிறைந்திருந்தார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். மொத்தம் சுமார் 5 லட்சம் பேர் என்பது கணக்கு. வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, இவர்களுக்கு ஒரு பாதை என்று பிரித்து நடத்திய கதையும் அதில் உண்டு. அந்தப் பக்கம் மலாயாவில் என்ன? சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல பத்தாயிரக் கணக்கில் ஜப்பானியர் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை மலேசியத் தமிழர்களிடம் கேளுங்கள், வீட்டுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள்.

1945இல் அந்த விவரம் மதராஸுக்கு முழுசாக வந்து சேரவில்லை. லைசென்ஸுக்காகக் கொடூரமாகக் காட்டப்பட்ட ஜப்பானியனைவிட நிஜ ஜப்பானிய ராணுவம் தமிழனுக்குக் கொடூரமாகவே இருந்தது. அதாவது பிரச்சாரம் பண்ணியவர்கள் தாங்கள் சொல்வது எவ்வளவு உண்மை என்று தெரியாமலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே உண்மையைச் சொன்னது நம்மை அடிமையாக வைத்திருந்தவன் என்பதால் கேட்டவர்களும் நம்பவில்லை. காதரும் அனந்தனும் ஜப்பானை நம்பி வந்தார்கள். அவர்கள் நம்பிக்கை தப்பாக இருக்கலாம், அவர்கள் உயிர் கொடுத்தது தப்பில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள முடிகிறவர்களுக்குத்தான் அந்தக் காலத்து மதராஸ் புரியும்.

அப்படியென்றால் போர்க்காலத்தில் இந்தப் பக்கத்து ஜனங்கள் எதைத்தான் பார்த்தார்கள் என்று கேட்பீர்கள். பிராட்வே தியேட்டருக்குப் போனார்கள். துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரம். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' போட்டார்கள். 1945 தீபாவளிக்கும் அதே படம், 1946 தீபாவளிக்கும் அதே படம். தியாகராஜ பாகவதரின் பாட்டு, டி. ஆர். ராஜகுமாரியின் ஆட்டம், என். எஸ். கிருஷ்ணன் - மதுரம் சிரிப்பு. படம் வெளிவந்து இரண்டரை மாதத்துக்குள் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகிவிட்டார்கள். 1947இல்தான் விடுதலை. ஆக, போருக்காக எடுத்த படங்கள் திரைக்கு வந்த 1945இல் தமிழ்நாட்டின் தலைசிறந்த நகைச்சுவை நடிகர் சிறையில் இருந்தார். அவருடைய சிரிப்பு மட்டும் பிராட்வேயில் நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்தது. அரிசி ரேஷன், மண்ணெண்ணெய் ரேஷன், விளக்குக்குக் கறுப்புக் காகிதம். இத்தனைக்கும் நடுவில் ஒரு புராணப் படத்துக்கு மூன்று தீபாவளி. அரசாங்கம் எந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னது, ஜனங்கள் எதைப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு கணக்கெடுப்பு வேண்டாம்.

சிலர் இதைத் தப்பித்தல் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெர்சிசைடுக்காரன் குண்டுக்கு நடுவில் ஃபார்ம்பியைப் பார்த்தால் மன உறுதி, ராயபுரத்துக்காரன் ரேஷனுக்கு நடுவில் பாகவதரைப் பார்த்தால் தப்பித்தலா? போர் தன்னுடையது இல்லை என்று தெரிந்தவன் அதைத் திரையில் பார்க்கக் காசு கொடுக்க மறுத்தான், அவ்வளவுதான்.

1945 நவம்பரில் செங்கோட்டையில் போஸின் இந்திய தேசிய ராணுவத்தினர் மீது விசாரணை தொடங்கியது. மறு பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை வீரர்கள் கிளம்பினார்கள், மதராஸ் வரைக்கும் எதிரொலித்தது. நேற்று வரை சத்தம் போட்டுச் சொல்ல முடியாத பெயர்கள் சுவரெல்லாம். அதற்குப் பிறகு ஜப்பானை எதிர்க்கும் 'பர்மா ராணி'யைத் தூக்கிப் பிடிக்க ஆளில்லை.

உளவாளிகளைப் பார்த்துத் தமிழன் நிம்மதியாகச் சிரிக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அதையும் தொடங்கி வைத்தது அதே மாடர்ன் தியேட்டர்ஸ்தான். 1966இல் 'வல்லவன் ஒருவன்', 1970இல் 'சி.ஐ.டி. சங்கர்'. சுந்தரம் காலமாகிவிட்டார், மகன் ராமசுந்தரம் கம்பெனியை நடத்துகிறார், ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாக வருகிறார். எதிரி எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. போலீஸ் நம்முடையது, சர்க்கார் நம்முடையது, துறைமுகம் நம்முடையது. அதனால் தைரியமாக விசிலடித்தோம். ஜெய்சங்கர் படங்களை மட்டம் தட்டுகிற என் நண்பர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கு வில் ஹேயைக் காட்டினீர்கள், நல்லது. 'பர்மா ராணி' நல்ல பிரதியாகக் கிடைத்தால் அடுத்து அதைப் போடுங்கள். போடும்போது பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவரை முன்வரிசையில் உட்கார வைத்து, படம் முடிந்ததும் என்னைக் கூப்பிடாமல் அவரைப் பேசச் சொல்லுங்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் தேடினால் இப்போதும் ஆட்கள் கிடைப்பார்கள். சீக்கிரம் தேட வேண்டும். இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம், ஜெய்சங்கரைப் பற்றியும் கேட்கலாம்.